கருகமணிக் காட்சி

"என்ன மர்ஹூம், டீ சொல்லட்டுமா?"

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் உயிரோடு இருக்கிற ஒரு மனிதரை இப்படிக் கூப்பிடும் துணிச்சல் டீக்கடை ஜெக்கரியாவுக்கு மட்டும்தான் உண்டு. காலமாகிப் போனவர்களின் பெயருக்கு முன்னால் மரியாதையாகப் போடுகிற சொல் அது. கல்யாணப் பத்திரிகையில் பாட்டனார் பெயருக்கு முன்னால் போடுவார்கள். எஸ்.டி.டி. பூத்தில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து பில் கிழித்துக்கொண்டிருக்கிற நெய்னா முகம்மதுவுக்குப் போடலாமா?

"வாயைக் கழுவு ஜெக்கரியா. காலங்காத்தால."

"எனக்கு என்ன? இருபத்தோராம் அத்தியாயத்துல உங்க வீட்டம்மாவே உங்களை அனுப்பி வச்சிட்டாங்க. நான் பேருதானே வச்சேன்."

பூத்துக்கு வெளியே துபாய் லைனுக்குக் காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நெய்னா முகம்மது பில் புத்தகத்தை எடுத்து மேஜையில் ஓங்கிப் போட்டார். அதுதான் அவரால் முடிந்த கோபம்.

சென்ற வாரம் விட்ட இடத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு வருடத்துக்கு முன்னால் இராக் பட்டாளம் குவைத்துக்குள் நுழைந்தபோது நெய்னா முகம்மது அங்கே ஏ.சி. மெக்கானிக். நூற்றைந்து நாள் அவரைப் பற்றி வீட்டுக்கு ஒரு சேதியும் இல்லை. நூற்றாறாம் நாள் காலையில் போட்டிருந்த ஒரே சட்டையோடு முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். அவர் போட்ட கடிதங்கள் அதற்கப்புறம் பதினோரு நாள் கழித்து வந்து சேர்ந்தன. இனி வெளிநாடு வேண்டாம் என்று பூத் வைத்தார். வீட்டுக்கு ஒரு ஹலோ சொல்ல முடியாமல் தவித்த மனிதர் வேறு என்ன கடை வைப்பார்?

அவர் மனைவி அனீஸா, தெருப் பெண்களுக்கெல்லாம் ஜித்தாவுக்கும் துபாய்க்கும் கடிதம் எழுதிக் கொடுத்துக் கை பழகியவள். அந்தக் கையால் ஒரு நாவல் எழுதினாள். 'கடுதாசி வராத தெரு' என்று பெயர். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகி, இப்போது டைரக்டர் ராகவேந்திரா அதைப் படமாக எடுக்கிறார். ஆளை மாற்றி ஆளைத் தூதுவிட்டு, கடைசியில் அவர்கள் வீட்டையே ஷூட்டிங்குக்கு வாங்கிவிட்டார். இன்றோடு ஒன்பது நாள்.

ஒன்பது நாளும் நெய்னா முகம்மது ஷூட்டிங் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விடிந்ததும் பூத்துக்கு வந்தால் பொழுது சாய்ந்துதான் வீடு. காரணம் கேட்டால், "கடையை யாரு பாக்கறது?" என்பார்.

உண்மைக் காரணம் வேறு. அதை உங்களுக்குச் சொல்கிறேன், அவரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். நாவலை அவர் படிக்கவே இல்லை.

தொடர் வந்துகொண்டிருந்தபோது, "பத்திரிகைக் கதையெல்லாம் பொம்பளைங்க சமாசாரம்" என்று சும்மா இருந்துவிட்டார். இருபத்தோராம் அத்தியாயம் வந்த அன்று ஜெக்கரியா ஓடி வந்து, "நெய்னா காக்கா, உங்களைக் கொன்னுட்டாங்க!" என்றான். கதையில் வருகிற கணவன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக், நூற்றைந்து நாள் காணாமல் போனவன். அவர் இல்லாமல் வேறு யார்? அன்றைக்கு நெஞ்சில் ஏறிய கல் இன்னும் இறங்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாலைவனம் தாண்டி வந்தவனை, வந்து சேர்ந்தவனை, இவள் எதற்குக் கொன்றாள்? நான் வராமலே போயிருக்கலாம் என்று எப்போதாவது நினைத்தாளா?

புத்தகம் வந்தபோது அனீஸா முதல் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்தார். 'நெய்னா முகம்மதுவுக்கு' என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தது. காணிக்கையாம். செத்தவருக்குப் பாத்திஹா ஓதுகிற மாதிரி இருந்தது அவருக்கு. மூடி, பூத் மேஜை டிராயரில் வைத்தார். ஒரு வாரம் கழித்து அவள் கேட்டாள்.

"படிச்சீங்களா மச்சான்?"

"படிச்சேன். நல்லாருக்கு."

இரண்டு சொல். அனீஸா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்கப்புறம் இரண்டு வருடமாக வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. சண்டையும் இல்லை. சோறு வரும், டீ வரும், சிரிப்பும்கூட வரும். ஆனால் ஒன்று குறைந்துபோயிருந்தது. அது என்ன என்று இருவருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது?

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து பூத்தைத் திறந்திருப்பார், அசிஸ்டெண்ட் டைரக்டர் ராஜாத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மன்னார்குடிப் பெண். ஒன்பது நாளில் தெருவில் எல்லாருக்கும் முறை வைத்துக் கூப்பிடப் பழகிவிட்டவள். ஷூட்டிங் பக்கமே வராத நெய்னா மட்டும் இன்னும் 'சார்'தான்.

"சார், உடனே வாங்க சார். உங்க அக்கா அடுப்படியைச் சாத்திக்கிட்டு உள்ள உட்காந்துட்டாங்க. கருகமணி அவங்க கையில இருக்கு."

"யாரு கருகமணி?"

"அனீஸாம்மாவோடது."

நெய்னா முகம்மது பூத்தை ஜெக்கரியாவிடம் விட்டுவிட்டு நடந்தார். வழியெல்லாம் ராஜாத்தி சொல்லிக்கொண்டே வந்தாள்.

நடந்தது இதுதான். மெட்ராஸிலிருந்து வந்த சாமான் பெட்டியில் கதாநாயகிக்கு மஞ்சள் கயிற்றில் தாலி வைத்திருந்தார்கள். நெய்னாவின் அக்கா சைத்தூன் பீவி முதல் நாளே அதைத் தூக்கிக் காட்டி, "எங்கள்ல கருகமணிம்மா. இது யாரு போட்ட வேலை?" என்று கேட்டுவிட்டார். கல்யாணக் காட்சி எடுக்க வேண்டும், கடைக்குப் போக நேரமில்லை. அனீஸா தன் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். கறுப்பு மணிக்கு நடுவே இரண்டு பொன்மணி, இரண்டுக்கும் இடையில் ஒரு பவழம். கேமரா அதைப் பக்கத்தில் போய்ப் பக்கத்தில் போய் எடுத்தது. அன்று முதல் அதுதான் கதாநாயகி மைமூனின் கருகமணி. காலையில் வாங்கிக்கொள்வார்கள், சாயந்திரம் திருப்பித் தருவார்கள்.

இன்று எடுக்க வேண்டிய காட்சி துக்கக் காட்சி. கணவன் இறந்துவிட்டதாகச் சேதி வந்து, பெண்கள் கூடி மைமூனின் கருகமணியை அறுக்கிறார்கள். ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது. வேறு மணியை வைத்து எடுக்கலாமென்றால் பவழத்தைப் படம் முழுக்கக் காட்டியாகிவிட்டது. மைமூனாக நடிக்கிற புனே பெண் ரூபிகாவுக்குச் சாயந்திரம் தஞ்சாவூரிலிருந்து ரயில்.

"கத்தரிக்கோலைப் பாத்ததும் அக்கா வந்து அந்தப் பொண்ணு கழுத்துலேர்ந்து கழட்டிக்கிட்டு உள்ள போனவங்கதான் சார். ஒரு மணி நேரமாச்சு."

வீட்டு வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. ஜெனரேட்டர் வேன் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. முற்றத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ரூபிகா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் ராகவேந்திரா அடுப்படிக் கதவுக்கு எதிரே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது சினிமாம்மா. நிஜமில்ல."

"சினிமா நிஜமில்ல. கருகமணி நிஜம்தானே?" உள்ளேயிருந்து சைத்தூன் பீவியின் குரல் வந்தது. "என் தம்பி குத்துக்கல்லாட்டம் பூத்துல உட்காந்திருக்கான். அவன் பொண்டாட்டி கருகமணியை என் வீட்டுக் கூடத்துல வச்சு அறுக்கறதா? எவன்டா சொன்னது?"

"லாத்தா, நான் வந்திருக்கேன்" என்றார் நெய்னா முகம்மது.

"நீ உயிரோட இருக்கேன்னு அந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லு."

கூட்டம் சிரித்தது. அனீஸா தூணோரம் நின்றிருந்தாள். வெற்றுக் கழுத்தோடு அவளைப் பார்க்க நெய்னாவுக்கு என்னவோ போலிருந்தது. ஒன்பது நாளில் அவர் அவளை அப்படிப் பகலில் பார்த்ததேயில்லை.

"கொடுத்துடுங்க லாத்தா" என்றாள் அவள் மெதுவாக. "நான் வாக்குக் கொடுத்துட்டேன். அவங்களுக்கு நேரமாவுது. எப்படி வேணாலும் எடுத்துக்கட்டும்."

குரலில் ஒரு சலிப்பு. டைரக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு நெய்னா முகம்மதுவைக் கண்டது தெய்வத்தைக் கண்ட மாதிரி.

"சார், நீங்களே சொல்லுங்க. நான் நாவலை இந்த ஒரு எடத்துல மாத்தியிருக்கேன். அது மேடத்துக்கு வருத்தம், எனக்குத் தெரியும். ஆனா தாய்க்குலம் தியேட்டருக்கு வந்து அழ வேண்டாமா? நீங்க நாவலைப் படிச்சவர். வீட்டுக்கும் பெரியவர். நாவல்ல இருக்கற மாதிரி எடுக்கறதா, நான் மாத்தினபடி எடுக்கறதா? நீங்க சொல்றதுதான் முடிவு."

எல்லாக் கண்ணும் அவர் மேல். நெய்னா முகம்மது தொண்டையைச் செருமினார். எழுதியவளின் பக்கம் நிற்பதுதான் புருஷ லட்சணம் என்று பட்டது. மனதில் கிடந்த கல்லும் கூடவே ஒரு இடி இடித்தது.

"அதென்ன மாத்தறது? எழுதினது எழுதினதுதான். நாவல்ல இருக்கற மாதிரியே எடுங்க. அவளே அறுக்கணும்னு எழுதிட்டா. அறுத்துடுங்க."

டைரக்டர் திரும்பி ராஜாத்தியைப் பார்த்தார்.

ராஜாத்திதான் வாயைத் திறந்தாள். "சார்... நாவல்ல அறுக்க மாட்டாங்க சார்."

நெய்னா முகம்மது அனீஸாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். 'படிச்சேன், நல்லாருக்கு' என்று சொன்ன அந்த இரண்டு சொல்லும் முற்றத்து நடுவில் வந்து நின்றன. அனீஸா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"போச்சுடா" என்றார் டைரக்டர்.

"அந்தப் புஸ்தகத்தைக் கொடும்மா" என்றார் நெய்னா, ராஜாத்தியிடம்.

ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கிய, அட்டை கிழிந்த பிரதி அது. வாங்கிக்கொண்டு வெளியே போய் ஜெனரேட்டர் வேனின் பின்படியில் உட்கார்ந்தார். இருபத்தோராம் அத்தியாயத்தைத் திறந்தார். நாற்பத்தாறு வயது மனிதர் பரீட்சைக்கு முன்னால் படிக்கிற பையன் மாதிரி விரலை வைத்துப் படித்தார்.

அறுபத்தாறாம் நாள் ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் யாரோ ஒரு லாரி டிரைவர். எல்லைக்குப் பக்கத்தில் பஸ் ஒன்று கவிழ்ந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை, கிடந்த பையில் பாஸ்போர்ட் இருந்தது, அதிலிருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன் என்று கடிதம்.

நெய்னாவின் விரல் நின்றது. அந்தப் பஸ் அவருக்குத் தெரியும். பையை மேலே போட்டு, ஏறி உட்கார்ந்து, கைக்குழந்தைக்காரி ஒருத்தி கீழே நின்று அழுவதைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்த பஸ். ஏறினவள்கூடத் தன் ஆட்களைக் கண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டு, அல்லாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். பை போனது, பாஸ்போர்ட் போனது, அதனால்தான் முகாமில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டார். பஸ் கவிழ்ந்ததும் தெரியும். ஆனால் அப்படி ஒரு கடிதம் இந்த வீட்டுக்கு வந்தது என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லையே!

மேலே படித்தார். தெருப் பெண்கள் வருகிறார்கள். அழுகிறார்கள். கருகமணியைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அக்காதான் கட்டினாள். அவள்தான் கழற்ற வேண்டும். அவளைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார்கள். அனீஸா எழுதியிருந்தாள்:

'லாத்தாவின் கை என் கழுத்துக்கு வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கட்டியது லாத்தா. உங்கள் தம்பி வரமாட்டான் என்று உங்கள் மனசு சொன்னால் கழற்றுங்கள், நான் தடுக்கவில்லை என்றேன். லாத்தா என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க, என் தம்பி வந்ததும் சோத்துக்குச் சொல்லி அனுப்பறேன், அப்ப வாங்க என்றாள்.'

நெய்னாவுக்கு எழுத்து கலங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வந்து இறங்கிய அன்று தெருவே திரண்டு வந்து நெய்ச்சோறு சாப்பிட்டது அவருக்கு நினைவு வந்தது. இருபது படி அரிசி. அக்கா ஓர் இடத்தில் நிற்காமல் பரிமாறினாள். சந்தோஷத்தில் செய்கிறாள் என்று நினைத்திருந்தார்.

கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். பஸ் ஸ்டாண்டில் ஒரே சட்டையோடு ஒருவன் இறங்குகிறான்.

"கொல்லவே இல்லையா?" என்றார் சத்தமாக.

"எங்க கொன்னாங்க?" பூத்தைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜெக்கரியா பக்கத்தில் நின்றிருந்தான். "நீங்க படிக்கலேன்னு ஊருக்கே தெரியும் காக்கா. மர்ஹூம் மர்ஹூம்னு கூப்பிட்டா ரோஷம் வந்தாவது புஸ்தகத்தைத் திறப்பீங்கன்னு பாத்தோம். ரெண்டு வருசமா என் வாய்தான் வலிக்குது."

அடிக்கக் கை ஓங்கிய நெய்னா முகம்மது அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கொல்லையில் அனீஸா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். வாழைக்கன்றுக்குப் போகிற தண்ணீரைக் காலால் மறித்துக்கொண்டிருந்தாள்.

"அனீஸா."

"படிச்சாச்சா?"

"படிச்சேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "சத்தியமா. இருபத்தொன்னும் கடைசியும். நடுவுல உள்ளதை ராத்திரிக்குள்ள படிச்சிடறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் காலை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் ஓடியது.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"லாத்தா தர்காவுல வச்சு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. உசுரோட வந்தவன் காதுல மவுத்துப் பேச்சு விழக் கூடாதுன்னு. சொல்ல முடியல. அதான் எழுதினேன்." அவள் குரல் உடைந்தது. "உங்ககிட்ட சொல்லத்தான் மச்சான் எழுதினதே. ஊரெல்லாம் படிச்சிச்சு. நல்லாருக்குன்னு சொல்லி டிராயர்ல போட்டுட்டீங்க. இவருக்கு இது ஒண்ணுமே இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நீ என்னைக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்டி."

"நானா?" அனீஸா எழுந்து நின்றுவிட்டாள். "ஊரே சேந்து கொன்னப்ப முப்பத்தொம்போது நாள் உங்களை உசுரோட வச்சிருந்தது யாரு? நானும் லாத்தாவும். தெருவுல தலை காட்ட முடியல. பைத்தியம் புடிச்சிடுச்சுன்னாங்க. கொன்னேனாம்!"

"தப்புதான்."

"தப்புதான்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"தப்புதான், தப்புதான், தப்புதான்."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நெய்னா பார்த்து இரண்டு வருடமாயிருந்தது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, வீட்டில் குறைந்துபோயிருந்தது இதுதான் என்று.

முற்றத்துக்கு வந்ததும் நெய்னா முகம்மது நேராக டைரக்டரிடம் போனார்.

"நாவல்ல இருக்கற மாதிரி எடுங்க சார். இப்ப படிச்சிட்டுச் சொல்றேன்."

"சார், தாய்க்குலம்..."

"நானே அழுதுட்டேன் சார். தாய்க்குலம் அழாதா?"

ராகவேந்திரா அவர் முகத்தைப் பார்த்தார். வீங்கிய கண்ணையும் சிவந்த மூக்கையும் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். "ராஜாத்தி, கத்தரிக்கோலை உள்ள வை" என்றார்.

அடுப்படிக் கதவு தானாகத் திறந்தது. சைத்தூன் பீவி கருகமணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். யார் கையிலும் கொடுக்காமல் ரூபிகாவின் கழுத்தில் தானே கட்டினார். "வாடிப் போகாம நடிக்கணும், தெரியுதா?" என்றார். தமிழ் தெரியாத அந்தப் பெண் பயபக்தியோடு தலையாட்டியது.

நாத்தனாராக நடித்தவர் தஞ்சாவூர் நாடக நடிகை ரெங்கம்மாள். நல்ல நடிகைதான். பெண்கள் தள்ள, முன்னால் வந்தார். கை நீண்டது. ரூபிகா அந்தக் கையைப் பிடித்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் கிளிசரின் இல்லாமலே தண்ணீர் வந்தது. ரெங்கம்மாள் வாசல் பக்கம் திரும்பி, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க..." என்று சோகமாக ஆரம்பித்தார்.

"அப்படிக் கெஞ்சினா எவ போவா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் அது. சைத்தூன் பீவி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவருக்குக் கேமரா தெரியவில்லை. அறுபத்தாறாம் நாள் வாசலில் நின்ற கூட்டம்தான் தெரிந்தது.

"போங்கடி எல்லாரும் வீட்டுக்கு! எவ சொன்னா என் தம்பி மவுத்துன்னு? நான் தூக்கி வளத்த புள்ள, எனக்குத் தெரியாதா? வருவான்! வந்ததும் சொல்லி அனுப்பறேன், சோத்துக்கு வாங்க! வரலேன்னா அப்ப பேசிக்கறேன் உங்களை!"

வாசலில் துக்கம் கேட்க வந்தவர்களாக நடித்தவர்கள் தெருப் பெண்கள்தான். அவர்களில் பாதிப் பேர் அன்று நிஜமாகவே வந்தவர்கள். தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தர் பின் ஒருத்தராக நழுவினார்கள். அவர்களுக்கு யாரும் நடிப்புச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ரெங்கம்மாள் சட்டென்று பிடித்துக்கொண்டு அதே வார்த்தைகளை அதே சூட்டோடு திருப்பிச் சொன்னார். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து நின்றார்.

பிறகு ஒரே கைதட்டல். ராகவேந்திரா ஓடிப்போய் சைத்தூன் பீவியின் முன்னால் கும்பிட்டார். "அம்மா, டப்பிங்குக்கு நீங்க மெட்ராஸ் வரணும். அந்தக் குரல் நீங்கதான்."

"டிக்கெட் ரெண்டு போடுங்க. என் தம்பி பொண்டாட்டி இல்லாம நான் எங்கயும் போறதில்ல."

நெய்னா முகம்மது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனக்காக ஒரு தெருவையே விரட்டியடித்த இரண்டு பெண்கள் இந்த வீட்டில் இருந்தார்கள். இது தெரியாமல் ஏழு வருடம் சோறு தின்றிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

காட்சிக்காக நாற்பதாம் நாள் பாத்திஹாச் சோறு ஆக்கச் சொல்லியிருந்தார்கள். "என் அடுப்புல மவுத்துச் சோறு வேகாது" என்று காலையில் மறுத்த சைத்தூன் பீவி இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதே அரிசி, அதே கறி. இது என் தம்பி வந்த சோறு. ஆக்குங்க."

நாலு மணிக்கெல்லாம் கூடத்தில் பாய் விரித்தாயிற்று. பெரிய சஹன் தட்டுகளில் நெய்ச்சோறு, நடுவில் கறி, ஓரத்தில் தாளிச்சா. ஒரு தட்டுக்கு நாலு பேர். டைரக்டர், நெய்னா, ஜெக்கரியா, ஜெனரேட்டர் டிரைவர் நாலு பேரும் ஒரே தட்டில் கைவைத்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழக்கமில்லாத டைரக்டர் தன் பக்கத்துக்கு மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஜெக்கரியா கோட்டைத் தாண்டி நல்ல கறித் துண்டாகத் தள்ளித் தள்ளி அவருக்கே வைத்தான். உள்ளே பெண்கள் தட்டில் ரூபிகா சம்மணம் போட்டு உட்கார்ந்து வட்டலாப்பம் மூன்று முறை கேட்டு வாங்கினாள். ரயில் போனால் போகட்டும் என்று அவளே இந்தியில் சொன்னதாக ராஜாத்தி வந்து சொன்னாள்.

சைத்தூன் பீவி கை கழுவிவிட்டு வந்து, கருகமணியை மறுபடி அனீஸாவின் கழுத்தில் கட்டினார். "இனிமே எவன் கேட்டாலும் இதைக் கொடுக்காதே. கதையை மட்டும் கொடு" என்றார்.

அப்போது கடைத்தெருப் பக்கமிருந்து துபாய் லைனுக்குக் காத்திருந்த இப்ராஹிம் ஓடி வந்தார். "நெய்னா காக்கா, பூத்துல போன் அடிச்சிக்கிட்டே இருக்கு. சாவி எங்க?"

ஜெக்கரியா சாவியை எடுத்தான். நெய்னா எச்சில் கையோடு ஓடினார். என்னவோ தோன்றி அனீஸாவும் பின்னால் போனாள். இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ, முத்துப்பேட்டைங்களா?" வயதான ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கி. "நான் பேராவூரணியிலேர்ந்து பேசறேங்க. அமிர்தலிங்கம்னு பேரு. பத்திரிகையில உங்க ஊர்ல குவைத் கதை ஒண்ணு ஷூட்டிங் நடக்குதுன்னு போட்டிருந்தான். டெலிபோன் ஆபீஸ்ல கேட்டு உங்க ஊர் பூத்து நம்பரை வாங்கினேன். நெய்னா முகம்மதுன்னு, குவைத்துலேர்ந்து வர்ற வழியில காலமானவரு... அவங்க வீட்டம்மாகிட்ட பேசணுங்க."

நெய்னா ரிசீவரைக் காதோடு அழுத்தினார். "என்ன விஷயமா?"

"அந்தப் பாவத்தைச் செஞ்சவன் நான்தாங்க. அம்மான்லேர்ந்து கடுதாசி போட்டது நான். ஊருக்கு வந்தப்புறம் நேர்ல வரணும் வரணும்னு நெனச்சேன். அந்தம்மா முகத்தைப் பாக்க தைரியம் வரலீங்க. ஏழு வருசமா ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல. மன்னிப்புக் கேக்கணும். தயவுசெஞ்சு கூப்பிடறீங்களா?"

"அண்ணே" என்றார் நெய்னா. அவருக்குச் சிரிப்பு வந்தது. "நான் நெய்னா முகம்மது பேசறேன்."

"எந்த நெய்னா முகம்மதுங்க?"

"நீங்க செத்துட்டாருன்னு எழுதினீங்களே, அந்த நெய்னாதான். உசுரோட இருக்கேன். இப்பத்தான் நெய்ச்சோறு சாப்பிட்டுட்டு வந்து நிக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுகிற சத்தம் கேட்டது. அழுகைக்கு நடுவே "முருகா, முருகா" என்றார். நெய்னாவும் அழுதார். பூத்துக்கு வெளியே நின்ற அனீஸா கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை உள்ளே கூப்பிட்டு, ரிசீவரை அவள் காதுக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"உங்க பை என்கிட்டதாங்க இருக்கு" என்றார் அமிர்தலிங்கம், ஒருவாறு தேறி. "பச்சை ரெக்ஸின் பை. பத்திரமா பீரோவுல வச்சிருக்கேன். ரெண்டு சட்டை, பாஸ்போர்ட்டு, ஒரு சென்ட்டு பாட்டிலு. அப்புறம் ஒரு கேசட்டு. 'அனீஸா மட்டும் கேட்க'ன்னு எழுதியிருக்கு. சத்தியமா நான் போட்டுக் கேக்கலீங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல எடுத்துக்கிட்டு வர்றேன்."

நெய்னா முகம்மதுவின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தக் கேசட்! யுத்தத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சிப் பேசிப் பதிவு செய்தது. என்ன பேசினோம் என்பது ஏழு வருடம் கழித்து இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

"அதை... அதை அங்கயே வச்சிருங்கண்ணே. நானே ஒரு நாள் வந்து..."

அனீஸா அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நான் அனீஸா பேசறேன். முதல் பஸ்ஸுலயே வாங்க. கேசட்டை மறந்துடாதீங்க." வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். புதிதாகக் கட்டிய கருகமணி கழுத்தில் ஆடியது. "நான் எழுதினதைப் படிக்க நீங்க ரெண்டு வருசம் எடுத்துக்கிட்டீங்க மச்சான். நீங்க பேசினதைக் கேக்க எனக்கு அவ்வளவு நாளாவாது."